ஓங்கில் கூட்டத்துக்கு மேலே பறவைக் கூட்டம்: இது நட்பா, பிழைப்பா?

அமராவதிக்கரை (தாராபுரம்)

வணக்கமுங்க. கேரளத்துப் பேப்பூரிலிருந்து மீன்பிடிப் படகில் போன மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். கடல் ஓரிடத்தில் மட்டும் உலை கொதிக்கிற மாதிரி இருக்கிறது. நாலைந்து ஓங்கில்கள், அதாங்க டால்பின், முதுகைக் காட்டி உருளுகின்றன. அவற்றுக்கு மேலே ஆலாக்கள், டெர்ன் என்கிற பறவைகள், எண்ணி மாளாது. மேலேயிருந்து விழுகின்றன, அலகையும் தலையையும் நனைத்துக்கொண்டு உடனே எழும்பிவிடுகின்றன.

நம் பக்கம் உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கு வருமே, அதே கதைதானா இது? இல்லை, இரண்டு பேருக்கும் ஏதாவது உடன்பாடு இருக்கிறதா? சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் "இயற்கையின் நட்பு" என்று பூப்படம் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஓங்கிலுக்கு இதில் என்ன கிடைக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வெள்ளோடு வாத்தியார் (ஈரோடு)

நல்ல கேள்வி தம்பி. முதலில் பறவையின் கஷ்டத்தைப் பார்த்துவிடலாம்.

கடலில் எங்கே அலகை விட்டாலும் மீன் கிடைக்கும் என்று கரையில் இருக்கிற நாம் நினைக்கிறோம். வெப்பமண்டலக் கடலின் பெரும்பகுதி அப்படி இல்லை. மீன்கள் அங்கங்கே கூட்டங்கூட்டமாகத்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பறவைக்கு எட்டாத ஆழத்தில். ஆலாவால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நீருக்குள் போக முடியும். கேனட் என்கிற பெரிய வெள்ளைப் பறவை முப்பது மீட்டர் உயரத்திலிருந்துகூடச் சிறகை மடக்கி ஈட்டி மாதிரி விழும். அது கூடுதல் ஆழம் போகும். ஷியர்வாட்டர்கள் நீருக்குள்ளும் சிறகடித்து நீந்தும், சில இனங்கள் 60 மீட்டருக்கும் கீழே போனது பதிவாகியிருக்கிறது. ஃபிரிகேட் பறவை நேர் எதிர். இறகில் நீர் ஒட்டாமல் காக்கும் எண்ணெய்ப்பசை போதாது, கடலில் உட்கார்ந்தால் நனைந்து எழும்ப முடியாமல் போய்விடும். பறந்துகொண்டே நீர்ப்பரப்பில் இருப்பதைக் கொத்தினால்தான் அதற்குச் சோறு.

ஆக, இவர்களில் பாதிப் பேருக்கு மீனை மேலே கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஓங்கில்கள் கீழேயிருந்தும் பக்கவாட்டிலும் வளைத்து மீன்கூட்டத்தை நெருக்கும். மீனுக்கு நீர்மட்டம்தான் கடைசிச் சுவர், அதைத் தாண்டி ஓட வழியில்லை. எல்லாம் பந்தாகச் சுருண்டு மேலே வரும். அந்த நேரத்தில் பறவைக்கு வேட்டை.

உண்ணிக்கொக்கு கணக்கும் அடிப்படையில் இதுதான். மாட்டோடு நடக்கிற கொக்கு, தனியாக மேய்கிற கொக்கைவிடக் குறைவாக நடந்து அதிகப் பூச்சி பிடிக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். மாட்டுக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நொய்யல்மேடு (திருப்பூர்)

கொங்கு நாட்டுப் பறவைப் பக்கத்தில் கடல் எதற்குங்க? நஞ்சராயன் குளத்தில் மீசை ஆலா வந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் போட ஆளில்லை.

நிர்வாகி

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோவையிலிருந்து கடல் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். இழை தொடரட்டும். நஞ்சராயன் குளத்துக்குத் தனி இழை இருக்கிறது, கேள்வியை அங்கே போடுங்கள்.

முத்துநகர்க்காரன் (இப்போது திருப்பூர்)

நான் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாலும் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். அப்பா நாட்டுப்படகு ஓட்டியவர். வாத்தியார் ஐயா சொன்னது சரி. நான் படகு மேலிருந்து சொல்கிறேன்.

கடலுக்குப் போகிறவன் ஓங்கிலைத் தேடிப் போகமாட்டான், பறவையைத் தேடித்தான் போவான். ஓங்கில் முதுகு பக்கத்தில் போனால்தான் தெரியும். ஆலாக் கூட்டம் வெகு தூரத்திலேயே வெயிலில் மினுங்கும். அது பறக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். உயரத்தில் நேர்கோட்டில் போனால் அதுவே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, பின்னால் போய் டீசலை வீணாக்கக் கூடாது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றினால் கீழே மீன் இருக்கிறது, இன்னும் ஏறவில்லை. பொத் பொத்தென்று விழ ஆரம்பித்தால் மீன் மேலே வந்தாயிற்று. அப்போது மோட்டாரைக் குறைத்து ஓரமாக அண்ட வேண்டும், நடுவில் பாய்ந்தால் எல்லாம் கீழே போய்விடும்.

இன்னொன்று. ஆலா விழுகிற இடத்திலெல்லாம் ஓங்கில் இருக்காது. எங்கள் பக்கம் பாதிக்கு மேல் சூரைமீன் (டூனா) வேலைதான். சூரை துரத்தினால் நெத்திலியும் சாளையும் தண்ணீரை விட்டே துள்ளும். ஓங்கில் கூட்டம் சும்மா நீந்திப் போவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன், மேலே ஒரு காக்கைகூட இருக்காது.

அப்புறம், ஓங்கிலைக் கும்பிடுகிற சாமி மாதிரி பேசுகிறவர்கள் ஒருநாள் வலை இழுக்க வாருங்கள். வலையில் மாட்டிய மீனைப் பிடுங்கித் தின்றுவிட்டு வலையையும் கிழித்துவிட்டுப் போகும். கை வைக்க முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. கை வைக்கவும் மனசு வராது, அது வேற விஷயம்.

பெருந்துறை என்ஜினியர்

அண்ணாச்சி சொன்னதிலேயே கேள்வியும் இருக்கிறது. ஓங்கில் இருந்தும் பறவை இல்லை, பறவை இருந்தும் ஓங்கில் இல்லை. அப்படியென்றால் "ஓங்கிலும் கடற்பறவையும் சேர்ந்து இரை தேடும்" என்பதே நம் கற்பனையாக இருக்கலாமே? மீன் இருக்கிற இடத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வருகிறார்கள், நாம் முடிச்சுப் போடுகிறோம். சந்தையில் ஒரே கடை முன்னால் ரெண்டு பேர் நின்றால் கூட்டாளி என்று அர்த்தமா?

சிங்காநல்லூர்க் குளம் (கோவை)

என்ஜினியர் சார் கேட்டது நியாயமான கேள்வி. இதை நடுக்கடலில் பல மாதம் கப்பலில் சுற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்.

மெக்சிகோவிலிருந்து பெரு வரை, அதற்கு மேற்கே விரிந்து கிடக்கும் வெப்பமண்டலப் பசிபிக்கில் ஒரு விசேஷம் உண்டு. புள்ளி ஓங்கில்களும் சுழல் ஓங்கில்களும் கூட்டமாகப் போகும், அவற்றுக்குக் கீழே பெரிய மஞ்சள் துடுப்புச் சூரைகள் சேர்ந்து போகும், மேலே பூபி, கரும்பழுப்பு ஆலா, ஷியர்வாட்டர், ஃபிரிகேட். மூன்று அடுக்கு. டேவிட் ஆவ், ராபர்ட் பிட்மன் என்ற இருவர் இதைப் பற்றி 1986இல் எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: பறவைக்கு முக்கியமான கட்டு சூரையோடுதான், ஓங்கிலோடு இல்லை. சூரை சேர்ந்திருக்கும் ஓங்கில் கூட்டத்தின் மேல் பறவை இருக்கும், சூரை இல்லாத கூட்டத்துக்கு அவ்வளவு மவுசு கிடையாது.

ஏன் என்பதற்கு ஓங்கிலின் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்க வேண்டும். சுழல் ஓங்கில் பெரும்பாலும் ராத்திரி வேட்டைக்காரன். பகலில் ஆழத்தில் கிடக்கும் விளக்குமீன்களும் கணவாய்களும் இருட்டியதும் மேலே ஏறி வரும், அவற்றைத்தான் பிடிக்கும். ஹவாய்த் தீவுகளில் பகல் முழுக்கக் குடாக்களில் ஓய்வெடுக்கும். ராத்திரி நடக்கிற விருந்துக்கு ஆலா எங்கே வரும்? முத்துநகர் அண்ணாச்சி பார்த்த, மேலே பறவையே இல்லாத கூட்டமும் இப்படிப் பசியாறிவிட்டுப் போன கூட்டமாக இருக்கலாம்.

இதைவிட நல்ல சாட்சி டஸ்கி ஓங்கில். நியூசிலாந்தின் கைக்கோராவில் கரைக்குப் பக்கத்திலேயே கடல் பாதாளம். அங்கே டஸ்கி ஓங்கில்கள் ராத்திரியில் விளக்குமீன் தின்கின்றன, பகலில் விளையாட்டும் ஓய்வும். அதே நாட்டில் அட்மிரால்டி விரிகுடா ஆழமில்லாதது. குளிர்காலத்தில் அங்கே வருகிற டஸ்கிகள் பட்டப்பகலில் மத்தி வகை மீன்களைப் பந்தாக வளைக்கின்றன. மேலே கேனட்டும் ஷியர்வாட்டரும் கடற்காகமும் மொய்க்கின்றன. அர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவிலும் நெத்திலிக் கூட்டத்தை வைத்து இதே நாடகம்தான், 1970களில் பெர்ன்ட் வுர்சிக் அங்கே உட்கார்ந்து பார்த்து எழுதினார். ஓர் இனம், இரண்டு விதப் பிழைப்பு. பறவை ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை.

அதனால் என்ஜினியர் சாருக்கு என் பதில்: கற்பனை இல்லை, ஆனால் கூட்டாளியும் இல்லை. ஓங்கிலின் முகத்தைப் பார்த்துப் பறவை வருவதில்லை. பகலில், மேல்மட்டத்தில், மீனை நெருக்கித் தூக்குகிறவர் யாரோ அவர் பின்னால் போகிறது. அது சூரையாக இருக்கலாம், திமிங்கிலமாக இருக்கலாம், இழுவலைப் படகாகவும் இருக்கலாம்.

பெருந்துறை என்ஜினியர்

இது சரி. ஆனால் சூரை எதற்கு ஓங்கிலோடு ஒட்டிக்கொண்டு போகிறது? அதற்கு என்ன வேலை?

சிங்காநல்லூர்க் குளம்

அந்தப் பகுதியில் கடலின் சூடான மேல்தட்டு மிக மெல்லியது. அதற்குக் கீழே நீர் குளிர்ந்து, பிராணவாயுவும் குறைந்துவிடும். சூரைக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும், ரொம்ப நேரம் கீழே தங்க முடியாது. இரண்டு பேரும் ஒரே மெல்லிய தட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெரிய கூட்டத்தோடு போனால் சுறா போன்ற எதிரியிடமிருந்து கொஞ்சம் தப்பலாம் என்பதும் ஒரு கருத்து. மேல்தட்டு ஆழமாக இருக்கும் கடல்களில் இந்தக் கட்டு இவ்வளவு இறுக்கமாகத் தெரிவதில்லை. நம் மச்சான் வீடியோவில் கீழே சூரை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பரிசல்துறை (பவானிசாகர்)

கடல் பார்த்தது குறைவு, ஆனால் நீங்கள் சொல்கிற காட்சி எங்கள் அணையிலேயே இருக்கிறதுங்க. நீர்நாய்.

மாயாறு வந்து சேரும் பக்கம் தண்ணீர் வடிந்து கரை சேறாகக் கிடக்கும் காலத்தில் காலையில் போய் உட்கார வேண்டும். நீர்நாய்க் குடும்பம் கரையை ஒட்டி வரிசையாக வரும். முங்கும், குமிழி வரும், தலை தூக்கும், மறுபடி முங்கும். சத்தம் கேட்டதுமே சின்னக் கொக்குகள் எங்கிருந்தோ வந்து இறங்கிவிடும். அவை பின்னால் வராது, கவனியுங்கள், முன்னால் ஓடும். நீர்நாய் போகும் திசைக்கு நாலு எட்டு முன்னால், முழங்கால் தண்ணீரில், கழுத்தை நீட்டிக்கொண்டு. குமிழி கிட்டே வர வர கெண்டைக் குஞ்சுகள் கரைப்பக்கம் சிதறும், அங்கே கொக்கு காத்திருக்கும். ஒரு கொக்கு சேற்றில் துள்ளி விழுந்த மீனை நடந்து போய்ப் பொறுக்கியதைப் பார்த்தேன், ஓடக்கூட இல்லை. மடையான்கள் கொஞ்சம் தள்ளி, மிச்சம் மீதிக்கு.

நீர்நாய்கள் பெரிய மீனைப் பிடித்துக் கரையில் வைத்துக் கடிக்க ஆரம்பித்ததும் கொக்கு எல்லாம் சும்மா நின்று இறகு கோதும். மறுபடி தண்ணீரில் இறங்கினால் மறுபடி ஓட்டம். ஆழத்துப் பக்கம் திரும்பிவிட்டால் அவ்வளவுதான், கொக்கு பறந்துவிடும். சிங்காநல்லூரார் சொன்ன ராத்திரிக் கணக்கு இங்கே ஆழக் கணக்கு. நீர்நாய் அதே நீர்நாய்தான்.

அமராவதிக்கரை

அடேங்கப்பா. இதற்கே பவானிசாகர் வர வேண்டும் போலிருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டுமா?

பரிசல்துறை

காட்டுக்குள் இருக்கும் பக்கம் கண்டிப்பாக வேண்டும். யானை வந்து போகிற இடம், தனியாக வராதீர்கள்.

காங்கேயத்துக்காரி

எல்லாரும் பறவை பக்கமே பேசுகிறீர்கள். கேட்டவர் கேட்டது ஓங்கிலுக்கு என்ன லாபம் என்று. கொக்கு உட்கார்ந்தால் மாட்டுக்கு உண்ணியாவது போகும். இங்கே ஒன்றுமே இல்லையா?

எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. சிங்காநல்லூரார் சொன்ன அதே வுர்சிக், டஸ்கி ஓங்கில்கள் இரை தேடிப் போகும்போது உயரமாகத் துள்ளுவதைக் கவனித்திருக்கிறார். துள்ளும்போது தூரத்தில் பறவை மொய்க்கும் இடத்தைப் பார்க்கவும் வாய்ப்பிருக்கிறது என்பது அவர் கருத்து. தண்ணீருக்குள்ளே ஒலியால் பார்க்கிற விலங்குக்குக்கூடப் பல மைலுக்கு அப்பால் நடக்கும் வேட்டையைத் தண்ணீருக்குள்ளிருந்து தெரிந்துகொள்வது கஷ்டம். மேலே எட்டிப் பார்த்தால் பறவை காட்டிக்கொடுத்துவிடும். அண்ணாச்சியின் அப்பா செய்வதைத்தான் ஓங்கிலும் செய்கிறது!

வெள்ளோடு வாத்தியார்

இருக்கலாம் அம்மா. ஆனால் துள்ளுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: மீனை மிரட்ட, சேக்காளிகளுக்குச் சேதி சொல்ல, சில நேரம் சும்மா. பார்க்கிறது என்று நிரூபிப்பது லேசு இல்லை.

பறவைகளுக்குள்ளேயும் இதே ஒற்று வேலை உண்டு. ஒன்று விழுந்தால் வெகு தூரத்தில் பறக்கும் இன்னொன்று திரும்பும், அதைப் பார்த்து அடுத்தது. ஷியர்வாட்டர், அல்பட்ராஸ் குடும்பத்துக்கு மோப்பமும் உண்டு. நுண்பாசியை மேய்ச்சல் உயிரிகள் தின்னும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிவரும். அந்த வாசத்தை அண்டார்க்டிகா பக்கத்துத் தென்கடல் பறவைகளில் சில இனங்கள் தேடி வருவதை கேப்ரியல் நெவிட் 1995இல் காட்டினார். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் ஓங்கிலைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் எல்லாரும் உழைப்பாளியும் இல்லை. ஃபிரிகேட் பறவை, பூபி பிடித்த மீனை வானத்திலேயே மறித்துக் கக்க வைத்துப் பிடுங்கும். நட்பு என்று பூப்படம் போட்டவர்களுக்கு அந்த வீடியோவை அனுப்புங்கள் தம்பி.

காங்கேயத்துக்காரி

நிரூபிப்பது கஷ்டம் என்பதால் இல்லை என்று ஆகிவிடாதுங்களே ஐயா. நான் என் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

பீளமேடு அக்கா

சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சூரை டின்னில் "டால்பின் சேஃப்" என்று முத்திரை பார்த்திருக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

முத்துநகர்க்காரன்

நிறைய உண்டு அக்கா. அங்கே நடந்தது ரொம்ப மோசம். அந்தப் பசிபிக் கடலில் 1950களின் கடைசியில் பெரிய கப்பல்கள் சுருக்குமடி வலை கொண்டு வந்தன. சூரை எங்கே என்று கண்டுபிடிக்க ஓங்கிலைப் பார்த்தார்கள், ஓங்கில் எங்கே என்று கண்டுபிடிக்கப் பறவையைப் பார்த்தார்கள். பிறகு பறவைக் கூட்டத்தைக் காட்டும் ராடாரே கப்பலில் ஏறியது, ஹெலிகாப்டரும் வந்தது. வேகப்படகு விட்டு ஓங்கில்களை விரட்டி வளைத்து, அவற்றைச் சுற்றியே வலையை இறக்குவார்கள். கீழே சூரை விலகாமல் நிற்கும். வலையைச் சுருக்கும்போது ஓங்கில்கள் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் சாகும். 1960களில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் செத்தன.

அமெரிக்காவில் 1972இல் கடல் பாலூட்டிகளுக்குச் சட்டம் வந்தது. ஓங்கிலைக் கொல்லாமல் பிடித்த சூரை என்று சொல்கிற அந்த முத்திரை 1990இல் வந்தது. மீனவர்களே கண்டுபிடித்த ஒரு வித்தையும் உண்டு. வலையைச் சுருக்கியபின் கப்பலைப் பின்னோக்கி ஓட்டுவார்கள், வலையின் மறுமுனை விளிம்பு தண்ணீருக்குள் அமிழும், அந்த வழியாக ஓங்கில்கள் வெளியேறிவிடும், சூரை ஆழமாக நிற்பதால் உள்ளேயே இருக்கும். இப்போது சாவு பழைய கணக்கில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. விரட்டி விரட்டி வளைப்பதால் குட்டி தாயைப் பிரிகிறது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

நம் ஊரிலேயே நல்ல முறையும் இருக்கிறது. லட்சத்தீவில், முக்கியமாக மினிக்காயில், கம்பும் தூண்டிலும்தான். பறவையைப் பார்த்து சூரைக் கூட்டத்தை அண்டி, உயிர்ச் சிறுமீனை வாரி இறைத்து, மேலே வருகிற சூரையை ஒவ்வொன்றாகச் சுண்டி எடுப்பார்கள். ஓங்கிலுக்கு ஒரு கீறல் விழாது.

பீளமேடு அக்கா

அப்போ டின் வேண்டாம், உக்கடம் மார்க்கெட்டே போதும்.

நொய்யல்மேடு

சரி, நானும் படித்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. உருப்படியாக ஒன்று கேட்கிறேன். ஆடிக்காற்றில் கடற்பறவை நம் பக்கம் வந்து விழும் என்கிறார்களே, உண்மையா? விழுந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பையன் கிணற்றில் விடுகிறேன் என்பான்.

சிங்காநல்லூர்க் குளம்

தென்மேற்குப் பருவக்காற்றிலும் புயலிலும் கடற்பறவைகள் உள்நாட்டுக்கு அடித்து வரப்படுவது உண்டு. பெரும்பாலும் களைத்து, எலும்பும் தோலுமாக இருக்கும். தண்ணீரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வாத்தியார் சொன்னாரே, ஃபிரிகேட் போல கரும்பழுப்பு ஆலாவும் நனைந்து ஊறிப்போகும் வகை. வாயைத் திறந்து பாலோ சோறோ ஊட்டவும் கூடாது, புரையேறிச் செத்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகு கூர்மை, கண்ணுக்கு நேரே தூக்காதீர்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

அமராவதிக்கரை

மச்சானிடம் கேட்டேன். படகுக்காரர் தூண்டில் போட்டதில் ரெண்டு சூரை ஏறியதாம். கீழே அதுதான் இருந்திருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. குடும்பத்தோடு ஒரு தடவை நேரில் பார்க்க ஆசை. எப்போது, எங்கே போகலாம்?

முத்துநகர்க்காரன்

படகு ஏறாமல் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம் போகும்போது தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போங்கள். மணல் திட்டில் கொண்டை ஆலாக்கள் உட்கார்ந்திருக்கும், கடலில் விழுந்து மீன் பிடிப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஓங்கில் தெரிவது அதிர்ஷ்டம்.

படகென்றால் காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடையும் உண்டு, கடலும் முரடு. பருவமழை அடங்கி செப்டம்பர், அக்டோபரில் கேரளப் பக்கம் போனால் ஷியர்வாட்டரும் சேர்ந்து கிடைக்கும். அனுமதி உள்ள படகு, எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை, இது இரண்டும் இல்லாமல் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து நான் கூட்டிப் போனவர்கள் துறைமுகம் தாண்டியதும் படுத்துவிட்டார்கள், ஆலாவை நான் ஒருத்தன்தான் பார்த்தேன்.